நத்தை உதறிய இடம்

ஜனவரி 8, திங்கள்

வேரோடு பிடுங்குகிறோமாம். நாங்கள்.

முப்பது வருடமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற எங்களைப் பார்த்து, மீன் ஏலக்கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒருத்தி சொல்கிறாள். பெயர் சுபத்ரா. சென்னையில் கடலாராய்ச்சி செய்கிறாராம். முப்பது வயது இருந்தால் அதிகம். கோபத்தில் 'ஒருத்தி' என்று எழுதிவிட்டேன். எழுதியது அப்படியே இருக்கட்டும்.

சுவரில் இரண்டு படம் காட்டினார். முதல் படம் கொம்புத்தீவுக்கு வடக்கே பெரிய பார் என்றும் வடக்குப் பார் என்றும் நாங்கள் சொல்லும் பாறைத்திட்டு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்தது. கட்டக்கோரைப் பாசி இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. மீன்கள் உள்ளே புகுந்து புகுந்து வருகின்றன. தண்ணீருக்குள் ஒரு காடு. இரண்டாவது படம் போன மாதம் எடுத்தது. அதே பாறை, மொட்டையடித்த மண்டை மாதிரி இருக்கிறது. "அளவுக்கு மேல எடுத்ததாலயும், வேரோட பிடுங்குனதாலயும் இருக்கலாம்" என்றார்.

அந்த 'இருக்கலாம்' பக்கத்தில் இருந்த வனத்துறை அதிகாரியின் காதில் ஏறவில்லை. மார்ச் இருபதாம் தேதி முடிவு சொல்வார்களாம். என்ன முடிவு என்று தெரியாதவள் யார்? பெண்கள் இனி கொம்புத்தீவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஐம்பத்திரண்டு வீட்டில் உலை கொதிப்பது அந்தத் தீவுப் பாசியால்தான்.

சங்கத் தலைவி நான். எழுந்து நின்றேன். "மேடம், ரெண்டு விரக்கடைத் தண்ட விட்டுட்டுத்தான் கிள்ளுவோம். வேரப் புடுங்குனா அடுத்த வருசம் எங்க வயித்துல மண்ணு. இது எங்களுக்குத் தெரியாதா? உங்க படத்துல எங்க கை எங்கயாச்சும் தெரியுதா, காட்டுங்க பாப்போம்."

"தெரியலக்கா. அதனாலதான் வந்திருக்கேன். நீங்களே எங்கூட இறங்கி எண்ணுங்க. அந்தப் பாறையில என்னதான் நடக்குதுன்னு பாத்துருவோம்" என்றார்.

பாத்துருவோம் என்றேன். வீட்டுக்கு வந்து, குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஜனவரி 12, வெள்ளி

மேடம் எனக்கு ஒரு வெள்ளைப் பலகையும், தண்ணீரில் அழியாத பென்சிலும், கட்டம் போட்ட ஒரு பதிவேடும் கொடுத்திருக்கிறார். தேதி, இடம், எண்ணிக்கை, குறிப்பு. குறிப்புக் கட்டம் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. எனக்குச் சொல்ல வேண்டியது அதில் அடங்காது. அதனால்தான் மகள் நர்சிங் படிக்கப் போகும்போது விட்டுப்போன இந்த நோட்டு.

இன்று முதல் நாள். நம்புராஜ் வள்ளம் ஓட்டினார். மேடம் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நாங்கள் வழக்கம்போல் விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டி, மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினோம். "மேடம் கேஸ் அடுப்போட வந்துருக்காக, கீழ போயி டீ போட்டுத் தருவாக" என்று செல்லக்கிளி சொன்னதும் வள்ளமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன்.

மொட்டைப் பாறையின் நடுவில் ஆறு கம்பிச் சட்டங்கள் பதித்தோம். ஒவ்வொன்றும் ஒரு முழச் சதுரம். இரண்டின் மேல் வலை அடித்து மூடியாயிற்று. இரண்டில் இருக்கும் நத்தைகளை ஒவ்வொரு தடவையும் நான் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மீதி இரண்டைத் தொடவே கூடாது. பாசி எடுக்கும் கை எதுவும் ஆறிலும் படக் கூடாது.

"நத்தையா? நத்தை என்ன செய்யும் மேடம்?" என்று கேட்டேன்.

"பாசியத்தான் திங்கும்."

அது எங்களுக்குத் தெரியாததா? கட்டைவிரல் பருமன், கரும்பச்சை ஓடு, வாயில் வெள்ளைக் கல்பொட்டு மாதிரி ஒரு மூடி. பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். அது ஒரு காட்டையே தின்றுவிடும் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. ஆனாலும் எண்ணினேன். மூடாத சட்டத்தில் இருபத்திரண்டு.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பாறையையே நினைத்துக்கொண்டு கிண்டியதில் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 19, வெள்ளி

இன்று மேடத்துக்கு ஒரு பாடம் எடுத்தேன்.

பாசி எடுத்து முடிந்து பையெல்லாம் வள்ளத்தில் ஏறியதும், கரைக்குத் திரும்பும் முன்னால், ஒவ்வொரு பையையும் தண்ணீருக்கு மேல் பிடித்து நன்றாக உதறுவோம். பாசியோடு வந்த நத்தை, நண்டுக்குஞ்சு எல்லாம் திரும்பக் கடலுக்கே போய்விடும். ஓர் உயிரைக்கூடக் கரைக்குக் கொண்டுபோவதில்லை. முன்பெல்லாம் கரையில்தான் உதறுவோம். வெயிலில் செத்து நாறும். தீவின் உயிர்களைக் கொண்டுவருகிறீர்கள் என்று வனத்துறை அலுவலகத்தில் கூப்பிட்டுத் திட்டினார்கள். பதினொரு வருடத்துக்கு முன்பு இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். எங்களைப் பார்த்துக் கடலை அழிக்கிறவர்கள் என்று சொல்கிறவர், இதையும் கொஞ்சம் எழுதட்டும்.

மேடம் எழுதினார். எழுதிவிட்டு, வள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும் இங்கதான் உதறுவீங்களா அக்கா?"

"ஆமா மேடம். வடக்குப் பாருல இந்த எடத்துலதான் அலை அடிக்காது. நம்புராஜ் அண்ணன் இங்கனதான் நங்கூரம் போடுவாக. எந்தப் பாறையில எடுத்தாலும் எல்லா வள்ளமும் இங்க வந்து உதறிட்டுத்தான் கரைக்குப் போகும். ஒரு ஒழுங்கு வேணும்ல."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். பின்னால் இருந்து செல்லக்கிளி, "இத அப்பவே இருளாயி மதினி..." என்று இழுத்தாள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெயரை என் வள்ளத்தில் எடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் எடுக்கிறார்கள் என்றால் என்ன திமிர்.

ஜனவரி 24, புதன்

தாழ்வு மண்டலம். மூன்று நாளாக வள்ளம் இறங்கவில்லை. கூரைத் தகரம் ஒன்று பறந்து பக்கத்து வீட்டு ஆட்டுக் கொட்டிலில் விழுந்தது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆட்டுக்காரிதான் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 27, சனி

காற்று நின்றது. கரையெல்லாம் பாசி முழங்கால் உயரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கிறது. பெரிய பாருக்கு அடுத்த பாறையான நடுப்பாரில் மிச்சம் நின்றதும் அறுந்து வந்துவிட்டது. 

இருளாயியும் அங்கே இருந்தாள். ஒதுங்கின பாசியைப் பொறுக்குவதுதான் ஒன்பது வருடமாக அவள் பிழைப்பு. என்னைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தாள். நானும் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் மேடம் நேராக அவளிடம் போய்விட்டார். யாரிடம் பேசலாம், யாரிடம் கூடாது என்று வெளியூர்க்காரருக்கு என்ன தெரியும். அரை மணி நேரம் இருவரும் மணலில் குந்திக்கொண்டு தண்டு தண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு கட்டுப் பாசியோடு என்னிடம் வந்தார்.

"அக்கா, இதுல ஒண்ணுலயாவது வேர் இருக்கா பாருங்க."

இல்லை. ஒன்றில்கூட இல்லை. எல்லாம் தண்டில் அறுந்தது. அறுந்த முனையில் ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது, ஒரு பக்கம் வழுவழுவென்று சுரண்டி எடுத்த பள்ளம்.

"நத்தை தண்டுல ஏறிக் கொஞ்சமாத்தான் சுரண்டுது. செடி அப்படியே நிக்கும், பாத்தா ஒண்ணும் ஆகலன்னு தோணும். காத்து வந்து அலை இழுத்ததும் அந்தக் கடிபட்ட எடத்துல ஒடிஞ்சுடும். தின்னது நகக்கண்ணளவு, போனது முழுச் செடி. அதுக்கப்புறம் பாறையில புதுசா வர்ற முளையையும் அது விடாது. இந்த அம்மா பல வருசமா இதைப் பாத்துட்டு வர்றாங்க. எனக்கே அவங்கதான் காட்டிக்குடுத்தாங்க."

பார்த்தாளாம். பார்த்தால் சொல்வதற்கென்ன. வாய் இல்லையா?

பிப்ரவரி 1, வியாழன்

நத்தைதான். நாங்கள் இல்லை. நத்தை.

வலை அடித்த இரண்டு சட்டத்திலும் பாறை தெரியாமல் முளை விட்டிருக்கிறது. சுட்டுவிரல் நீளம். நான் நத்தை பொறுக்குகிற சட்டங்களிலும் முளை வந்திருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் குட்டை. தொடாமல் விட்ட இரண்டில் ஒன்றும் இல்லை, வெறும் பாறை. மூன்று வாரம்தான் ஆகிறது. பாசி எடுக்க எந்தப் பெண்ணின் கையும் ஆறிலும் படவில்லை.

மேலே வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வள்ளத்துக்குள் எறிந்தேன். "பாத்தீகளா மேடம்? பாத்தீகளா?" என்று கத்தினேன். மேடம் கைகொடுத்தார். "உங்க மேல சந்தேகப்பட்டது என் தப்பு. அதிகாரிகிட்டயும் சொல்றேன்" என்றார். பரவாயில்லை, நல்ல பெண்தான்.

கரையில் இறங்கினதிலிருந்து வீடு வரைக்கும் எதிரில் வந்த எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடையில் இருந்த ஆண்களிடம் இரண்டு தடவை சொன்னேன். பொம்பளைகள் பேராசைப்பட்டு அழித்துவிட்டார்கள் என்று ஒரு மாதமாக அங்கே உட்கார்ந்து பேசினவர்கள்தானே, நன்றாகக் கேட்கட்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஜெயித்த பிறகும் மேடம் விட மாட்டேன் என்கிறார். "நத்தை சரி. ஆனா இந்த ஒரு பாறையில மட்டும் ஏன் இவ்வளவு நத்தை?" என்று கேட்டு, இன்று என்னை நான்கு இடத்துக்குச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். அவருக்குக் காதில் வலி, வள்ளத்திலேயே இருந்துகொண்டார்.

தீவின் தெற்கு முனையில் இரண்டு. கிழக்கில் மூன்று. நடுப்பாரில் ஒன்பது. வடக்கில் நங்கூரம் போடும் இடத்தில் பதினேழு.

கடைசி எண்ணிக்கை பலகையில் சரியாகத் தெரியவில்லை. தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. பதினேழுதான் என்று ஞாபகம்.

பிப்ரவரி 9, வெள்ளி

தலைவலி. போகவில்லை.

பிப்ரவரி 10, சனி

இன்றும் தலைவலி. வீட்டுக்காரர் மாத்திரை வாங்கிவந்தார். "எதுக்குடி மேலயே பாத்துக்கிட்டுப் படுத்துருக்க?" என்றார். மேலே பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது.

பிப்ரவரி 14, புதன்

மேடத்துக்குக் காது சரியாகிவிட்டது.

"அக்கா, நங்கூர இடத்துல இன்னொரு தடவ எண்ணலாமா? நானும் வர்றேன்" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இறங்கினோம். சட்டத்தை வைத்தோம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அறுபத்தொன்று. பக்கத்தில் வைத்தோம், ஐம்பத்து நான்கு. அந்த இடத்தில் பாசியின் வாசனைகூட இல்லை. பாறை தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது. அங்கிருந்து மெல்ல மெல்ல வெளியே பரவி, நடுப்பார் வரைக்கும் மொட்டை.

வள்ளத்தில் ஏறினதும் மேடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "என்னத்த சொல்ல வாறீக? சொல்லிருங்க. நாங்க கொண்டாந்து கொட்டுனோம்ங்கிறீக. உசுரக் கொல்லக் கூடாதுன்னு செஞ்சோம். செத்து நாறட்டும்னு விட்டுருந்தா நல்லவுகளாகியிருப்போம், அப்படித்தான?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நம்புராஜ் அண்ணன் எஞ்சினைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்.

மேடம் முகம் சிவந்துவிட்டது. "நான் ஒண்ணும் சொல்லலக்கா. நீங்கதான் சொல்றீங்க" என்றார்.

பிப்ரவரி 15, வியாழன்

ஆறாம் தேதி நங்கூர இடத்தில் நான் தனியாக இறங்கி எண்ணியது ஐம்பத்தேழு. பலகையில் ஐம்பத்தேழு என்றுதான் எழுதினேன். கட்டைவிரலால் தேய்த்து அழித்தேன். அந்தப் பென்சில் லேசில் அழியவில்லை, மண்ணை வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது.

இதை எழுதியாயிற்று என்றால் மற்றதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நோட்டை மூடிவைத்துவிட்டுப் போய் மாவு அரைத்தேன். துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இருளாயியும் நானும் பன்னிரண்டு, பதினான்கு வயதிலிருந்து சேர்ந்து முங்கினவர்கள். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மதினி என்றுதான் கூப்பிடுவேன். பையை நங்கூர இடத்தில் உதற வேண்டும் என்று நான் சட்டம் போட்ட அன்றைக்கு, எல்லோருக்கும் முன்னால் அவள் சொன்னாள்: "எடுத்த எடத்துலயே உதறுங்க மங்களம். நாலு பாறை நத்தைய ஒரு பாறையில கொண்டாந்து கொட்டுனா, அதுக எங்கிட்டுப் போயி மேயும்? கொட்டுன எடம் மொட்டையாப் போகும்."

சரியாகத்தான் சொன்னாள். சொன்ன விஷயம் அன்றைக்கே எனக்குப் புரிந்தது. ஆனால் நான் தலைவியாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் சட்டத்தையே இவள் எல்லோருக்கும் முன்னால் மறுத்தால் என் பேச்சை யார் கேட்பார்கள்? "கண்ட கண்ட எடத்துல நின்னு நின்னு உதற நேரம் இருக்கா? உனக்கு வேல செய்ய வலிச்சா வீட்டுல கெட" என்றேன். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து வடக்குப் பாரில் பாசி குறைய ஆரம்பித்தது. சங்கக் கூட்டத்தில் ஏன் என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன். "இருளாயி வேரோட புடுங்குறா. எங் கண்ணால பாத்தேன்" என்றேன்.

பார்த்தேனா? ஒரு நாள் அவள் பையில் வேரோடு இரண்டு செடி இருந்ததைப் பார்த்தேன். அலையில் பெயர்ந்துவந்த செடி எல்லோர் பையிலும் ஒன்றிரண்டு இருக்கும். அன்றைக்கு என் பையிலும் இருந்தது.

அவளை எந்த வள்ளத்திலும் ஏற்றக் கூடாது என்று முடிவானது. அவள் சத்தம் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வைக்குத்தான் ஒன்பது வருடமாக நான் அவள்மேல் கோபமாக இருக்கிறேன்.

பிப்ரவரி 21, புதன்

போனேன். மணலில் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மதினி என்றேன். நிமிரவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். நத்தை, சட்டம், அறுபத்தொன்று, எல்லாம்.

"இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? எனக்குத் தெரியாததா?" என்றாள்.

"தப்பு எம்மேலதான்."

"அதுவும் தெரியும்."

"இப்ப என்ன செய்யட்டும்?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். "ஐம்பத்திரண்டு பேருக்கு முன்னால சொன்ன. இப்ப ஆளில்லாத கரையில வந்து காதுல சொல்ற. தள்ளி நில்லு, பாசிய மிதிக்காத."

வந்துவிட்டேன். வழியெல்லாம் கோபம். ஒருத்தி இறங்கி வந்து சொல்லும்போது இவ்வளவு வீம்பு ஆகாது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதுதான் தெரிந்தது, அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மார்ச் 4, திங்கள்

சங்கக் கூட்டம். நங்கூர இடத்தில் நடந்தது என்ன என்று சொன்னேன். இருளாயி விஷயம் சொல்லவில்லை. அதற்கு இன்னும் நாக்கு எழவில்லை.

செல்லக்கிளிதான் முதலில் எழுந்தாள். "மங்களக்கா, நத்தைன்னு வந்துருச்சு. கடலு, நத்தை, இயற்கை. அத்தோட விட்டுருங்க. நம்மதான் கொண்டாந்து கொட்டுனோம்னு நீங்களே போயி சொல்லுவீகளா? அந்த அதிகாரி தீவுக்கே கேட்டப் பூட்டிட்டுப் போயிருவான். எம் பிள்ளைக்கு இந்த வருசம் பன்னெண்டாவது."

ஐம்பது பேரும் அதையே சொன்னார்கள். இத்தனை நாளும் நத்தையைக் காட்டிக் கொடுத்ததற்கு என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடினவர்கள். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

மார்ச் 11, திங்கள்

மேடத்திடம் கேட்டேன். "உங்க அறிக்கையில என்ன எழுதப் போறீக?"

"எண்ணினதை எழுதுவேன். நங்கூர இடத்துல அறுபத்தொண்ணு, தெற்குல ரெண்டு. ஏன்னு கேட்டா, பை உதறுனதால இருக்கலாம்னு எழுதலாம். ஆனா பதினொரு வருசம் நான் இங்க இல்லையே அக்கா. நான் சொன்னா அது ஊகம். அதை யாராவது இல்லன்னு சொல்லிட்டா நிக்காது. நீங்க சொன்னாத்தான் அது நடந்தது."

மறுபடியும் ஒரு 'இருக்கலாம்'. இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனை இழுத்துவந்து முங்கவிட வேண்டும்.

பதிவேட்டை மூடிவிட்டு அவரே சொன்னார். "ஒண்ணு மட்டும் தெரியும். காரணம் தெரியாம கேட்டைப் பூட்டுனா அந்தப் பாறை திரும்பாது. நீங்க போகாட்டியும் நத்தை அங்கேயேதான் மேயும். பெண்கள் வெளியே, நத்தை உள்ளே. பத்து வருசம் கழிச்சும் மொட்டையாத்தான் இருக்கும்."

மார்ச் 19, செவ்வாய்

நாளைக்கு.

மார்ச் 20, புதன்

ஏலக்கூடம் நிரம்பி வெளியே எல்லாம் ஆட்கள். டீக்கடை ஆண்களும் வந்திருந்தார்கள். இருளாயி உள்ளே வரவில்லை. வாசல் தூணுக்குப் பக்கத்தில் கூடையோடு நின்றாள், கடைக்குப் போகிற வழியில் நின்ற மாதிரி.

மேடம் எண்ணிக்கையைப் படித்தார். அதிகாரி கேட்டார். "அப்ப நத்தைதான் காரணம். அது எப்படி அங்க மட்டும் அவ்வளவு சேர்ந்துச்சு?"

 செல்லக்கிளி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்தேன்.

"நாங்கதான் சார் கொண்டாந்து கொட்டுனோம். மத்தவுக தெரியாம செஞ்சது, நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சது. நாலு பாறையில எடுத்த பாசியோட வந்த நத்தைய, பதினொரு வருசமா ஒரே எடத்துல உதறுனோம். உதறச் சொன்னவ நான். எடுத்த எடத்துலயே உதறுங்கன்னு அன்னைக்கே ஒருத்தி சொன்னா. அவ பேரு இருளாயி. அவ சொன்னதக் கேக்கல. அதோட விடல சார். பாசி கொறஞ்சதும், அவதான் வேரோட புடுங்குனான்னு இதே கூடத்துல நின்னு நான் சொன்னேன். அது பொய். அவ புடுங்கல. நான் பாக்கல."

கடைசி வார்த்தைகள் பின்னால் கேட்கவில்லையாம். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பச் சொன்னேன்.

பின்னால் இருந்து திட்டு வந்தது. எங்கள் பெண்கள்தான். ஒருத்தி "குடியக் கெடுத்துட்டா" என்றாள். டீக்கடைப் பக்கமிருந்து சிரிப்பு. வாசலைப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஒரு மணி நேரம் அவர்களுக்குள் பேசிவிட்டு அதிகாரி சொன்னார். பெரிய பாரில் ஒரு வருடத்துக்கு யாரும் பாசி எடுக்கக் கூடாது. மற்ற மூன்று பாறையில் முன்போல் எடுக்கலாம், ஆனால் எடுத்த இடத்திலேயே உதற வேண்டும். வடக்கில் சேர்ந்திருக்கும் நத்தைகளை மேடத்தின் மேற்பார்வையில் பெண்களே பொறுக்கி, எந்த இடத்துக்கு எத்தனை என்று அவர் சொல்கிறபடி பரவலாக விட வேண்டும்.

கேட்டைப் பூட்டவில்லை. ஆனால் இருப்பதிலேயே பெரிய பாறை ஒரு வருடத்துக்குப் போயிற்று. அதை எல்லோரும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். தலைவி வேலையை விட்டுவிட்டேன். போகாதே என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

மார்ச் 22, வெள்ளி

யாரும் பேசுவதில்லை. தண்ணீர்க் குழாயில் என் குடத்துக்குப் பின்னால் இரண்டு குடம் இடைவெளி விட்டு நிற்கிறார்கள். நான் ஒதுக்கிவைத்தவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 2, செவ்வாய்

நத்தை பொறுக்க இன்று முதல் வள்ளம். பதினான்கு பேர் வரவேண்டியது, என்னையும் சேர்த்துப் பதின்மூன்று பேர்தான் வந்திருந்தோம். இடமெல்லாம் இருந்தும், என் பக்கத்துப் பலகையில் யாரும் உட்காரவில்லை.

நம்புராஜ் அண்ணன் நங்கூரக் கயிற்றை இழுக்கும்போது கரையிலிருந்து ஒரு சத்தம். இருளாயி. இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தாள். கண்ணாடி நெற்றியில், விரலில் துணி. ஒன்பது வருடம் கழித்தும் துணியை அதே முறையில்தான் சுற்றியிருந்தாள். செல்லக்கிளி கைகொடுத்துத் தூக்கினாள். எல்லோரும் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.

யாரும் தனியாக முங்கக் கூடாது என்பதால், வடக்குப் பாரில் மேடம் இரண்டு இரண்டு பேராகப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருந்தவளைத் தொட்டுக்கொண்டாள். நான் விளிம்பில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

"நான் இவகூடப் போறேன்" என்றாள் இருளாயி.

வள்ளம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மதினி" என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்கிறாத" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "தண்ணிக்குள்ள நீ வாயத் தொறக்க முடியாதுல்ல. அதுக்குத்தான்."

முங்கினோம். பை பையாக எடுத்தோம். நான் எட்டாத இடுக்கில் அவள் கைவிட்டு எடுத்தாள். மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவள் ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் முங்கிவிட்டாள்.